நடக்க மறுத்த தபால்காரர்

மயக்கம் தெளிந்ததும் தபால்காரர் எடுத்த முதல் முடிவு, இன்னும் பதினைந்து நாளைக்குத் தரையில் கால் வைப்பதில்லை என்பதுதான். குடலில் ஒரு சாண் நீளம் முறுக்கிக்கொள்ள, அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தைத்திருந்தார்கள். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் கடிதத்துக்காக நடந்த மனிதர். நாய்களே அவரைத் துரத்தி அலுத்துப்போய்விட்டன. இனியாவது நாலு பேர் தன்னிடம் நடந்து வரட்டும் என்று காலை நீட்டிப் படுத்தார்.

மறுநாள் காலையிலேயே நர்ஸ் போர்வையை உருவினாள்.

"எழுந்திரிங்க சார், நடக்கணும்."

"நேத்துதானேம்மா வயித்தைக் கிழிச்சீங்க?"

"அதனாலதான். உங்களோட சேர்ந்து குடலும் தூங்கிடுச்சு. நடந்தாத்தான் முழிக்கும். காத்து பிரிஞ்சாத்தான் வாய்க்கு ஏதாவது தருவோம்."

"காத்து வாங்க நடக்கிறவனைப் பாத்திருக்கேன். விடுறதுக்கு நடக்கிறவனைப் பாத்ததில்லை."

ரெண்டு அடி வைத்தார். அவர் முனகிய முனகலில் எதிர் வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி படுத்துவிட்டார்.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா வேலை. லீவ் லெட்டரைப் பார்த்த மாத்திரத்தில் எது நிஜ வயிற்றுவலி, எது பரீட்சை வயிற்றுவலி என்று பிரித்துவிடுவாள். மருந்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது தபால்காரர் முந்திக்கொண்டார்.

"மூணு சுத்து நடந்துட்டேன்."

"டிரிப்ஸோடவா?"

"பின்ன?"

"அந்த ஸ்டாண்டைக் கட்டில்கால்ல கட்டி வச்சிட்டுப் போனேனே. கட்டிலையும் இழுத்துட்டா போனீங்க?"

தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். பசியில் தபால்காரர் இன்னொரு பொய்யையும் அவிழ்த்துவிட்டார்.

"காத்தெல்லாம் பிரிஞ்சிடுச்சு டாக்டர். ஜோராப் பிரிஞ்சது."

டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மத்தளம்போல உப்பியிருந்தது வயிறு.

"நீங்கதான் பேசறீங்க. வயிறு பேசலையே. சாயங்காலத்துக்குள்ள பிரியலேன்னா மூக்கு வழியாக் குழாய் விடணும். நடங்க."

மனைவியின் முகம் ஒரு கணம் வாடியது. கெஞ்சுவாள், திட்டுவாள் என்று தபால்காரர் காத்திருந்தார். அவளோ எழுந்து வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் சிரிப்புச் சத்தம். பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவரின் மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குசுகுசுவென்று பேச்சு, நடுவில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்து விழுந்தது.

"...மரத்து மேல..."

மறுபடி சிரிப்பு. தபால்காரருக்கு வியர்த்தது. நாய்க்குப் பயந்து ஒன்றரை மணி நேரம் மரத்தில் உட்கார்ந்திருந்த சங்கதி. அந்த நாய் குட்டிநாய் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"என்ன சொல்றாங்க, உங்களுக்குக் கேக்குதா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "போய்க் கேட்டுக்குங்க சார்."

"...கல்யாணத்தன்னிக்கே..." என்று அடுத்தது விழுந்தது.

தபால்காரர் எழுந்தார். ஒரு கையால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் ரெண்டு பேரும் ஜன்னலோரப் பெஞ்சுக்கு மாறிவிட்டார்கள். ஜன்னலுக்குப் போனார். அவர்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில். லிஃப்டுக்குப் போனார். அவர்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வலி இருந்தது. மானம் அதைவிடப் பெரிதாக இருந்தது. விடாமல் துரத்தினார்.

மூன்றாவது சுற்றில், நர்ஸின் மேஜைக்கு நேராக, வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பழைய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி உறுமிற்று. பிறகு பட்டுவாடா நடந்தது. ரிஜிஸ்தர் தபால்தான். வராந்தா முழுக்கக் கையெழுத்துப் போடாமலே பெற்றுக்கொண்டது.

தபால்காரர் ஸ்டாண்டின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், அதற்குத்தான் எண்ணெய் போடவேண்டும் என்பதுபோல. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, நாலு இருபது என்று சார்ட்டில் குறித்துக்கொண்டாள்.

குழாய் தேவைப்படவில்லை. சாயங்காலம் மனைவி தெளிந்த சூப்பை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். தபால்காரர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

"அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"எதை?"

"மரம், கல்யாணம்... அப்படி என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. நேத்து அந்தம்மா அவங்க வீட்டுக்காரரை இப்படித்தான் நடக்க வச்சாங்களாம். எந்தெந்த வார்த்தையை மட்டும் சத்தமாச் சொல்லணும், எங்க எங்க சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க."