எந்தப் பக்கத்து ரத்தம்?

சித்தூர்,
14-8-1983

மகா கனம் பொருந்திய சம்பந்தி சுந்தர்சிங் அவர்களுக்கு ஏசுரத்தினம் எழுதிக்கொண்டது. ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நானும், தங்கள் மகள் தபீதாளும், நம் பேத்தி கிரேஸும் இங்கே சரீர சுகத்தோடு இருக்கிறோம். ராமகுப்பத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் பட்டுப்புழுக்களும் அவ்விதமே இருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். பம்பாயிலிருக்கும் என் மகனும் சுகம் என்று எழுதியிருக்கிறான்.

நிற்க. தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கள் மகளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் என்னவோ நடக்கிறது. முப்பத்தோரு வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து, பால் கேனுக்குள் மூக்கை விட்டே தண்ணீரைக் கண்டுபிடித்தவன் நான். என்னிடம் ஒன்றும் மறைக்க முடியாது.

கிரேஸுக்கு ஆறு வயது முடிந்தும் யாரையும் வாய் திறந்து கூப்பிடுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. "துன்னியா கண்ணு?" என்று கேட்டால் தெலுங்கில் செய்தி வாசிக்கிற ரேடியோக்காரர் குரலில் "ஆகாசவாணி, வார்த்தலு" என்கிறாள். டப்பா மூடியைத் தரையில் சுழல விட்டு, அது நிற்கும்வரை பார்க்கிறாள், மறுபடி சுழல விடுகிறாள். பிள்ளைக்கு நாலு மாதம் ஆகும்போதே தபீதாள் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று போன கிறிஸ்மஸுக்குத் தங்கள் வீட்டிலேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். சம்பந்தியம்மா அழுதார்கள். தாங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது.

இப்போது திருப்பதியிலிருந்து வஸுமதி என்று ஒரு டாக்டரம்மா கிளம்பியிருக்கிறார். மலைக்கோயிலில் கைங்கர்யம் செய்கிற வீட்டுப் பெண். போன மாதம் தபீதாள் வரவழைத்துத்தான் வந்தார். பிள்ளைக்கு இருப்பது ஆட்டிஸம் என்றார். ஆட்டுக்கு வருகிற ஏதோ நோய் என்று நினைத்து, எங்கள் வீட்டில் ஆடே வளர்க்கவில்லையே அம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத டாக்டர்களை நான் நம்புவதில்லை.

அவருக்கு வேண்டியது என்ன தெரியுமா? பிள்ளையின் ரத்தம், பெற்றவர்கள் இருவரின் ரத்தம், முடிந்தால் இரண்டு தாத்தாக்களின் ரத்தம், அதோடு பிள்ளையின் ஒரு முழு நாள் மூத்திரம்! ரத்தத்தில் செரடோனின் என்று ஒரு பொருள் சில பிள்ளைகளுக்கு அதிகமாக இருக்கிறதாம். மூத்திரத்தில் என்னென்ன அமிலம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். சீமையில் ஒரே அச்சான இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்ததில், ஒன்றுக்கு இருந்தால் பல ஜோடிகளில் மற்றதற்கும் இருந்ததாம். ஆகவே வம்சத்தில் வருகிறதோ என்று சந்தேகமாம். "இதனால கொழந்தைக்கு இப்போ சரியாயிடும்னு நான் பொய் சொல்லமாட்டேன் ஸார். காரணம் என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியலை. அதைத்தான் தேடிண்டிருக்கோம்" என்றார். குணமாக்கத் தெரியாதவர்களுக்கு ரத்தம் எதற்கு? எந்தத் தேசத்துக்கு அனுப்பப் போகிறார்கள்? நான் இதைக் கேட்டு முடிப்பதற்குள் தபீதாள் கையெழுத்தே போட்டுவிட்டாள். "எங்க நைனாவும் ரத்தம் குடுப்பாரு மாமா" என்று தங்கள் பேரில் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

மூத்திரக் கதையைக் கேளுங்கள். பாட்டிலை ஐஸ் வாளியில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் சேர்க்க வேண்டும். பிள்ளையோ பாத்திரத்தைக் கண்டால் ஓடுகிறாள். பின்னால் தபீதாள் ஓடுகிறாள், அவள் பின்னால் நான். அந்த நேரம் பார்த்து பால்காரன் செங்கல்வராயன் வந்து நின்றான். இவனை இரண்டு தரம் கோர்ட்டுக்கு இழுத்தவன் நான். "இன்னா சார், உங்க ஊட்லயே சாம்பிள் எடுத்துக்கினு கீறாங்களா? மூணு பாகமா பிரிச்சி சீல் வெச்சாங்களா?" என்று பல்லைக் காட்டினான். ஆள் மோசம், ஆனால் கேள்வி நியாயம். ஒரு பாகம் சோதனைக்கு, ஒரு பாகம் கோர்ட்டுக்கு, ஒரு பாகம் சம்பந்தப்பட்டவர் கையில். அதுவல்லவா சட்டம்? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, ஒரே பாட்டில் போதும் என்றார். இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை, பாட்டில் நிறைகிற சமயத்தில் பாத்திரம் தேய்க்கிற சென்னம்மா எடுத்துக் கொட்டிவிட்டாள். "பழைய கஞ்சித் தண்ணின்னு நெனச்சிக்கினேன் ஐயா" என்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாம் பாட்டிலை யாரையும் நம்பாமல், மரத்தூள் போட்ட ஐஸ் வாளியில் வைத்து, மடியில் ஏந்தி, பஸ்ஸில் திருப்பதிக்கு நானே கொண்டுபோனேன். கண்டக்டர் "ஏமய்யா அதி, நெய்யா?" என்று கேட்டார். நான் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மலைத்தேன் தானுங்களே? இருமல் தாங்கல, ஒரு ஸ்பூன் குடுங்க" என்று காகிதத்தைக் கப்பு மாதிரி மடித்துக்கொண்டு பாக்காலாவரை கெஞ்சிக்கொண்டே வந்தார். பொய் சொல்லவும் கூடாது, உண்மையும் சொல்ல முடியாது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரயாணம் போனதில்லை.

அங்கே டாக்டரம்மா பெரிய காகிதத்தை விரித்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று நம் இரண்டு குடும்பத்தையும் படமாகப் போட்டார். "உங்க பக்கத்திலே பேச்சு வராதவா, தனியாவே இருந்தவா யாராவது உண்டா ஸார்?" என்றார். நாலு தலைமுறையாக ஒருவரும் கிடையாது என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆகவே இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளலாம். தங்கள் சின்னப்பா ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் புழுக்கொட்டகையிலேயே காலம் கழித்தாரே, அவர் பேச்சு எப்படி? மறைக்காமல் எழுதவும். ரத்தம் மட்டும் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். கேட்டு யார் வந்தாலும் ஊரில் இல்லை என்று சொல்லிவிடவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் தோத்திரங்கள். உங்கள் வீட்டையும் தோட்டத்தையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் மூடிக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
ஏசுரத்தினம்

பி.கு. (18-8-1983): இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாளாகத் தபால் பெட்டிவரை போய்ப் போய்த் திரும்பினேன். உத்தியோகத்தில் ஒரு நாளும் பொய் ரிப்போர்ட் எழுதாதவன், திருப்பதியில் எழுதிவிட்டேன். எனக்கு இயேசுதாசன் என்று ஒரு தம்பி இருந்தான். பேசமாட்டான். விருந்தாளி வந்தால் பின்னறையில் வைத்துப் பூட்டுவோம். இருபத்திரண்டு வயதில் ஜுரத்தில் இறந்தான். தாங்கள் பெண் கொடுத்தபோது இதை நான் சொல்லவில்லை. எங்கள் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கப் போனாள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று என் தகப்பனார் முதற்கொண்டு எல்லாரும் சொன்னார்கள். சாகும்வரை அவளும் அதை நம்பினாள். அதையே நான் தங்கள் மகளுக்கும் சொன்னேன்.

நேற்று தபீதாளோடு மறுபடி திருப்பதி போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா என் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் போட்டு, கிரேஸின் வட்டத்துக்குள் தீட்டினது போலவே அதற்குள்ளும் கறுப்பு மை தீட்டினார். "இதை வெச்சு எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது ஸார். ஆனா அம்மா வேலைக்குப் போறதாலே இது வராது. அதை மட்டும் எழுதியே தரேன்" என்றார். ரத்தம் கொடுத்தேன். உடனே மயக்கம் போட்டு விழுந்தேன், அது வேறு விஷயம். தாங்களும் வந்து கொடுங்கள், பயப்படும்படி ஒன்றுமில்லை. மேலே எழுதினதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று தாங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் தபீதாளிடம் மன்னிப்புக் கேட்டேன். சந்திரகிரி தாண்டும்போது டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு, "உங்க தம்பிக்கு இன்னா புடிக்கும் மாமா?" என்று கேட்டாள். அவன் செத்து முப்பத்துநாலு வருஷத்தில் அவனைப் பற்றி என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. "மழை பேஞ்சா ஓட்டு மேல வுழுற சத்தத்தக் கேட்டுக்கினே சிரிப்பாம்மா" என்றேன்.