பூஜையில் வைத்த பாலிசி

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதமாக இருந்தாலும் பாதி படித்ததும் முழுவதும் புரிந்துவிடும். மீதிப் பாதியைப் படிப்பது, எழுதியவரை அவமானப்படுத்துவது என்றே பல காலம் நினைத்திருந்தேன். கேள்வித்தாள், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவும் இதற்குத் தப்பவில்லை. (ஒருமுறை தேதியை மட்டும் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு மொய் எழுதி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.) இந்த வியாதியால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்ததில்லை. நஷ்டப்பட்டவள் சுகன்யா.

சுகன்யாவும் நானும் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காததால் செஞ்சியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்கு ஊர் அனந்தபுரம். என் நைனா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். சுகன்யாவுக்கு மண்டகப்பட்டுப் பக்கம். அப்பா இல்லை, அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணன், ஓவர்டைம் பார்த்துத் தங்கைக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தான். அதை அவள் மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. கீழே ஒரு பலகை, பலகை மேல் ஒரு துண்டு, துண்டு மேல் லேப்டாப். தட்டுவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வாள்.

வீட்டுக்காரர் தரணேந்திரன் மேல்சித்தாமூர் ஜைனர். கடைத்தெருவில் அரிசி மண்டி. கீழ் வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். முட்டைகூட மாடியேறக் கூடாது என்ற ஒரு நிபந்தனையைத் தவிர, எங்களை அவர் எந்தத் தொந்தரவும் செய்ததில்லை.

கடைசி வருஷம் ஆரம்பத்தில் கல்லூரி வளாகத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனம் பந்தல் போட்டது. மாணவர் உடைமைக் காப்பீடு. அறையில் இருக்கும் லேப்டாப், போன், புத்தகம், துணிமணி எதுவானாலும் திருட்டுப் போனாலோ தீப்பிடித்தாலோ பணம் தருவார்களாம். டை கட்டிய ஒருவர், "மாசம் ரெண்டு டீ காசுதாம்மா" என்று சொல்லி ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார். ஓர் அறைக்கு ஒரு பாலிசி, ஒருவர் பெயரில். கையெழுத்து அழகாகப் போடுவேன் என்பதால் என் பெயரிலேயே எடுத்தோம்.

"கண்டிஷன்லாம் படிச்சியாடி?" என்று சுகன்யா கேட்டாள்.

"படிச்சாச்சி" என்றேன். பாதி படித்திருந்தேன்.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. யூரியா வாங்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "எம்பொண்ணு ரூமையே இன்சூர் பண்ணிக்கிறா. எதையும் படிச்சிட்டுதான் கையெழுத்து போடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அனந்தபுரத்தில் பயிர்க் காப்பீட்டுக்கே அலுத்துக்கொள்கிறவர்கள் நடுவில், பாவாடை தாவணிக்குக் காப்பீடு எடுத்தவளின் அப்பா அவர்.

ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு ஊருக்குப் போகும் முன் அறையில் ஒரு பூஜை போட்டுவிட்டுப் போகலாம் என்றது நான்தான். புத்தகம் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் என் ஜிகினா துப்பட்டாவை விரித்தேன். (பாலியஸ்டர். பார்க்கப் பட்டு மாதிரியே இருக்கும்.) அதன்மேல் புத்தகங்கள், இரண்டு லேப்டாப்புகள், கால்குலேட்டர். சுகன்யாவின் புராஜெக்ட் முழுவதும் இருந்த பென் டிரைவுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே பாலிசிக் காகிதத்தையும் லேப்டாப் பில்களையும் வைத்தேன்.

"அது எதுக்குடி?" என்றாள்.

"இதுவும் நம்ம ஆயுதந்தான்" என்றேன். பெரிய நகைச்சுவை என்று நானே சிரித்துக்கொண்டேன்.

அகலில் தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றி விளக்கேற்றியதும் நான்தான். குறைவாக ஊற்றினால் மதிப்பெண் குறையுமோ என்று பயம். பொரி, சுண்டல் எல்லாம் ஆன பிறகு மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. சுகன்யா விஜயதசமியன்று காலையில் வந்து, எடுத்து நாலு வரி படித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நான் என் லேப்டாப்பை மட்டும் உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எடுக்கக் கூடாதுடி!"

"படிக்கிறதுக்கு எடுத்தாதான் தப்பு. நான் படம் பாக்கறதுக்கு எடுக்கறேன்" என்றேன். சரஸ்வதிக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கும் வயது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். "விளக்க அமத்திட்டுப் போலாம்டி. துணி மேல இருக்குது."

"சாமி விளக்க ஊதி அமத்துவியா நீ? அஞ்சு நிமிஷத்துல தானா மலையேறிடும். பஸ் போயிடும், வா."

அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பூட்டியதும் நான்தான். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பஸ் அனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை கீழ் வீட்டுக்காரம்மாவுக்கு எட்டி, தரணேந்திரன் ஓடிவந்து பூட்டை உடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார். ஒரு சுவர் கருகியது. அட்டைப்பெட்டியும் அதன்மேல் இருந்தவையும் போயின. நெருப்பு மிச்சம் வைத்ததைத் தண்ணீர் முடித்துவிட்டது. சுகன்யாவின் லேப்டாப் மூடிய நிலையிலேயே உருகி, திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் லேப்டாப் பையில் பத்திரமாக இருந்தது. அதைப் பையிலிருந்து எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

டிசம்பரில் புராஜெக்ட் பரிசோதனை. அதற்கு முன்னால் சென்னைக் கம்பெனி ஒன்று நடத்தும் ஆன்லைன் தேர்வு. அதற்காகத்தான் அவள் ஆறு மாதமாக ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு லேப்டாப்புக்கு அண்ணனிடம் கேட்க அவளுக்கு வாய் வராது. இருந்த ஒரே வழி அந்தப் பாலிசி.

காகிதம் எரிந்தது பெரிய சிக்கலாக இல்லை. பாலிசி நிறுவனத்தின் கணினியில் இருந்தது. பில்லைக் கடைக்காரர் மறுபடி எடுத்துக் கொடுத்தார். நான் போனில் பாலிசியைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நிபந்தனைகளைப் படிக்க உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தின் அடியில் நான் தேடியது இருந்தது. காப்பீடு பெற்றவரின் கவனக்குறைவால் தீ ஏற்பட்டால் பணம் கிடையாது. காப்பீடு பெற்றவர் என்றால் நான். அப்படியானால் வேறு ஒருவரின் கவனக்குறைவு என்றால் பணம் உண்டு. இந்தச் சட்ட ஞானம் கிடைத்த மகிழ்ச்சியில் போனை மூடி வைத்துவிட்டேன். எட்டாம் பக்கத்திற்குப் போகவில்லை.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்த அன்று நைனாவும் வந்திருந்தார். அவர்கள் மேலே பேசிக்கொண்டிருந்தபோது சுகன்யாவை மாடிப்படியில் நிறுத்தினேன்.

"விளக்கு ஏத்துனது யாருன்னு கேட்டா, நீன்னு சொல்லு."

"நீதானடி ஏத்துன?"

"பாலிசி யார் பேர்ல இருக்குது? என் பேர்ல. நான் பண்ணேன்னு சொன்னா குடுக்க மாட்டான். நீ பண்ணேன்னு சொன்னா குடுப்பான். கண்டிஷன்லயே போட்டுருக்குது."

"நல்லா படிச்சியா?"

"படிச்சேன்டி."

"சரி" என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிபந்தனையை நான் கண்டுபிடிக்காமல் போயிருந்தாலும் வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பேன். மேலே நைனா நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால், ஊரே புகழும் தன் மகள்தான் துப்பட்டா மேல் எண்ணெய் விளக்கை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சுகன்யாவுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுக்கத்தான் இந்தப் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது, பயத்துக்குப் போட்ட சட்டை.

சர்வேயர் நல்ல மனிதர். கருகிய சுவரையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கரண்ட் கோளாறா இருக்குமோ? அப்படின்னா சுலபமா முடிஞ்சிடும்" என்றார். தானாக வந்த அந்த அதிர்ஷ்டத்தைத் தரணேந்திரன் ஒரே வாக்கியத்தில் விரட்டிவிட்டார்.

"எங்க ஊட்டு ஒயரிங்ல ஒரு குத்தமும் கிடையாது சார். போன வருஷந்தான் மாத்துனேன். விளக்கு எரிஞ்சிச்சி, நான் என் கண்ணால பாத்தேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அறையில் இருந்தவர்களில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

"விளக்கு ஏத்துனது யாரும்மா?" என்று சர்வேயர் கேட்டார்.

"இவதான் சார்" என்றேன். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"நீயாம்மா?"

"ஆமா சார்" என்றாள் சுகன்யா.

எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தாள். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அழகாகவே போட்டிருந்தேன்.

நைனா பெருமூச்சு விட்டார். "ஏம்மா, இவ்ளோ படிச்சிக்கிற, துணி மேலயா விளக்கு வெப்ப? எம்பொண்ணு கூட இருந்தும் உனுக்குப் புத்தி வர்லயே" என்று சுகன்யாவிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். தரையில் பொரி சிதறி ஊறிப்போயிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. காப்பீடு பெற்றவரோ, அவருடன் அதே அறையில் வசிப்பவரோ, யாருடைய கவனக்குறைவானாலும் பணம் இல்லை. எட்டாம் பக்கம், முதல் வரி. கூடவே, "திருமதி சுகன்யா தம் கைப்பட ஒப்புக்கொண்டபடி" என்று வேறு எழுதியிருந்தார்கள். (கல்யாணமும் செய்து வைத்துவிட்டார்கள்.) கடிதத்தை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவள் நிதானமாகப் படித்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த வாரமே அவளுடைய அம்மா காலை பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு பை நிறைய மணிலாக்கொட்டை (வேர்க்கடலைதான்). எங்களையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். தரணேந்திரன் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம்பொண்ணு தெரியாம பண்ணிட்சிங்க ஐயா. அது பொறுப்பான பொண்ணுதாங்க. எப்டி இப்டி பண்ணிச்சின்னே தெர்ல."

"விடும்மா. உயிருக்கு ஒண்ணும் ஆவல. சுவர வெள்ளையடிச்சாச்சி. மொதல்ல ஒக்காருங்க."

அவர் உட்காராமல் என் பக்கம் திரும்பினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். களையெடுத்துக் காய்ப்பேறிய கைகள். "உனுக்கும் தொந்தரவு குட்த்துட்டா பாப்பா. மனசுல எதுவும் வெச்சிக்காத."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மண்டியில் நாலு பேர்தான் இருந்தோம், நைனாகூட இல்லை. சுகன்யா அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"பரவால்லம்மா" என்றேன்.

ஆமாம், நான் அவர்களை மன்னித்தேன். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சுகன்யா அறையைக் காலி செய்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்து போனாள். என் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், "வேணாம்" என்றாள். கல்லூரி ஆய்வகத்தில் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து புராஜெக்டை முதலிலிருந்து எழுதி முடித்தாள். சென்னைக் கம்பெனித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆய்வகம் பூட்டியிருந்தது. அவளால் எழுத முடியவில்லை. நான் எழுதினேன், தேறவில்லை. இப்போது அவள் கோயம்புத்தூரில் ஏதோ வேலையில் இருப்பதாகக் கேள்வி. என் எண் அவளிடம் இருக்கிறதா தெரியாது. அவள் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அவள் ஒருநாள்கூட இல்லாமல் இருந்ததில்லை. அந்த வருஷம் யாரோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தபோது நைனா, "இன்னா, சுகன்யா வேல பண்ணிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து மோட்டாரை நிறுத்த மறந்தால் சுகன்யா வேலை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டினால் சுகன்யா வேலை. அம்மா சொல்வாள், தம்பி சொல்வான், தம்பி கட்டிக்கொண்டு வந்த பெண்ணும் வந்த மாதமே கற்றுக்கொண்டாள். என் கணவர் தன் அலுவலகத்திலும் சொல்லி, அங்கேயும் அது பரவியிருக்கிறதாம். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கூடினால் நைனா முழுக் கதையையும் ஒருமுறை நடித்துக் காட்டுவார். அதில் நான் பாலிசி எடுத்த புத்திசாலி.

போன ஆயுத பூஜைக்கு அனந்தபுரம் போயிருந்தோம். என் ஐந்து வயது மகள் குழாயைத் திறந்துவிட்டபடியே ஓடிவந்துவிட்டாள். தாத்தா வழக்கம்போலச் சொன்னார். வீடே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என் மடியில் வந்து ஏறிக்கொண்டு, "சுகன்யா ரொம்ப கெட்டவளாம்மா?" என்று கேட்டாள்.

எல்லோரும் என் பதிலுக்காக என்னைப் பார்த்தார்கள். நைனா சிரித்த முகம் மாறாமல் காத்திருந்தார்.

"கெட்டவளெல்லாம் இல்ல" என்றேன். "கொஞ்சம் கவனம் பத்தாது, அவ்ளோதான்."