ரூபினியின் குரல் பொருந்தவில்லை

மாணவர்கள் ஆங்கிலம் பேசியே தீர வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. ஆகவே, பள்ளிகள் ஆங்கிலக் கதைகளைப் படமும் ஒலியுமாகக் கணினியில் தயாரித்துப் போட்டிக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. வாயால் சொல்லும் கதைகள் கணக்கில் சேரா.

புக்கிட் ரோத்தான் ஊரைத் தாண்டி, பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த குமுதா டீச்சருக்கு இதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஆங்கிலப் பாடத்தில் வாயே திறக்காத ரூபினி அப்போதுதான் திறந்திருந்தாள்.

"மங்கி டேக் மை ஃபாதர் ஹெல்மெட். மை ஃபாதர் ஷவுட். மங்கி வியர் ஹெல்மெட். நவ் மங்கி வெரி சேஃப், மை ஃபாதர் நோ சேஃப்!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. குமுதாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சூட்டோடு சூடாகக் கைப்பேசியில் பதிவு செய்து, ரூபினி வரைந்த குரங்குப் படங்களையும் கோத்து அனுப்பிவைத்தார்.

கதைசொல்லல் ஒருங்கிணைப்பாளர் திருச்செல்வம் உடனே அழைத்தார்.

"கதை பிரமாதம் டீச்சர். குரல்தான் இடிக்குது. சின்னப் பிள்ளை பேசுற மாதிரி இருக்கு."

"சின்னப் பிள்ளைதான் சார் பேசுது."

"அது கேட்கிறவங்களுக்குத் தெரியுதே, அதான் பிரச்சினை. மென்பொருள்ல வெள்ளைக்கார அம்மா குரல் இருக்கு. அதைப் போடுங்க லா. இலக்கணத்தையும் அதுவே திருத்திக்கும்."

"அப்ப ரூபினி என்ன சார் செய்யணும்?"

"பக்கத்துல இருந்தா போதும்."

பள்ளிக்கு நல்ல பேர் வருமே என்று குமுதா அந்தக் குரலையே போட்டார். மங்கி 'பிரைமேட்' ஆனது. ஹெல்மெட் 'ப்ரொடெக்டிவ் ஹெட்கியர்' ஆனது. ரூபினியின் அம்மா இராஜம்மா, "என் மக பேசுறா கேளுங்க" என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பினார். அப்பா கணேஸ்வரன் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்க வர்றேன்?" என்றார்.

கோலசிலாங்கூர் மண்டபத்தில் முதல் பரிசு. போட்டிச் செயற்குழுத் தலைவர் அன்போடு ரூபினியிடம் ஒலிவாங்கியை நீட்டி, கதையைக் கொஞ்சம் சொல்லச் சொன்னார்.

"மங்கி டேக் மை ஃபாதர் ஹெல்மெட்…"

செயற்குழு மேடையிலேயே தலைகளைச் சேர்த்துக் கலந்தாலோசித்தது.

"குரல் பொருந்தல."

"கதையில குரங்கே கிடையாதே, பிரைமேட்தானே?"

"யாரோ எழுதினதை அரைகுறையா மனப்பாடம் பண்ணியிருக்கு."

குமுதா பாதி எழுந்தார். உண்மையைச் சொன்னால் குரலைப் போட்டது யார் என்று கேட்பார்கள். மறுபடி உட்கார்ந்தார்.

பள்ளியின் மானம் கருதி, 'மென்பொருளைச் சிறப்பாகப் பயன்படுத்தியமைக்காக' என்று பரிசு மாற்றப்பட்டது. குமுதாவே மேடையேறி வாங்கிக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இராஜம்மாவும் தட்டினார்.

திரும்பும்போது குமுதாவின் காரில் ரூபினி, யாரும் கேட்காமல், தானாகவே ஆங்கிலத்தில் பேசினாள்.

"டீச்சர், மை ஸ்டோரி வேர் கோ?"

"தப்பும்மா," என்றார் குமுதா, பழக்கதோஷத்தில். "வேர் டிட் மை ஸ்டோரி கோ?"

"வேர் டிட் மை ஸ்டோரி கோ?" என்றாள் ரூபினி, ஒரு பிழை இல்லாமல்.

"வெரி குட்," என்றார் குமுதா.