திரும்பினால் கத்துகிற மோட்டார்

பாளையங்கோட்டை,
1914 ஜூன் 10

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மைத்துனர் தானியேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை சாரம்மாளின் புருஷன் அருமைநாயகம் அநேக ஸ்தோத்திரங்களோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் சாரம்மாளும் மகள் கிரேஸும் தேவ கிருபையால் சுகம். சென்னைப்பட்டணத்தில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இத்தோடு மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீர் பொறுக்கியெடுத்து ரயிலேற்றி அனுப்பிய மோட்டார் கத்துகிறது. நேரே போனால் வாய் திறப்பதில்லை. ஸ்டீரிங் சக்கரத்தை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், கோழிக்குஞ்சை மிதித்தாற்போல 'கிறீச்' என்கிறது. டவுண் ரதவீதிக்கு நாலு மூலை உண்டென்பது உமக்கே தெரியும். நாலு மூலையிலும் கத்தி, மூன்றாம் மூலையில் ஒரு மாடு மிரண்டு, வைக்கோல் வண்டி ஜவுளிக்கடைக்குள் பாதி நுழைந்து, கடைக்காரர் என்னை ஏசி, அல்வா தின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் இலையோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். போன ஞாயிறு கோயில் வாசலில் திருப்பினேன். உள்ளே மௌன ஜெபம். சபை முழுக்கச் சிரித்தது வே. அன்றைக்கே, திருப்பினால்தானே கத்தும் என்று திருப்பாமலே ஓட்டினேன். வீட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, முறப்பநாட்டில் ஆற்றைப் பார்த்த பிறகுதான் நின்றேன்.

நானே ஏன் ஓட்டுகிறேன் என்று கேட்பீர். டிரைவர் மந்திரமூர்த்தியை ஏப்ரல் மாதமே நிறுத்திவிட்டேன். வண்டி முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கண்ணேறு படாதாம். மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், சபையில் மூப்பர் நான், என் வண்டியில் எலுமிச்சம்பழமா? பழத்தைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பத்துநாள் கழித்துத்தான் சத்தம் ஆரம்பித்தது. அவன் சாபமோ என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்படி நினைத்தது பாவம். அந்தப் பாவமும் உம்மால் வந்ததுதான்.

கொல்லர் சிவசண்முகம் ஸ்டீரிங் தண்டின் தலைவழியே ஆமணக்கெண்ணெய் ஊற்றினார், பிறகு வண்டி மை தடவினார். என் மூன்று வேட்டி போயிற்று, சத்தம் போகவில்லை. ரயில் இஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்த தாஜ் முகம்மது வந்து, தண்டில் ஒரு மூங்கிலை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். "அண்ணாச்சி, இது இரும்புச் சத்தம் இல்ல. காஞ்சது எதுவோ உரசுது. அடிப்பலகைய ஒருக்கா தூக்கிப் பாப்போம்" என்றார். அடிப்பலகையின் மேல் கல்யாணத்துக்கென்று பத்தமடைப் பாய் விரித்து, நானே சுற்றிலும் ஆணி அடித்திருக்கிறேன். பாயைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு அக்கிரமம் கேளும். போன வாரம் பாபநாசம் போனோம். அங்கன சாரலில் வண்டி தொப்பலாக நனைந்தது. நூறு வளைவிலும் ஒரு சத்தம் இல்லை. இங்கன வந்து வெயிலில் காய்ந்ததும் மறுபடியும் கிறீச். குளிர்ச்சியான இடத்தில்தான் வாயை மூடுமென்றால், என்ன வண்டி வே இது?

ஆகவே முடிவாக எழுதுகிறேன். கிரேஸுக்கும் உம்முடைய மகன் ஞானசிகாமணிக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலையை இந்த ஞாயிறு வாசிக்க வேண்டாமென்று நாளைக்குக் குருவானவரிடம் சொல்லப் போகிறேன். கத்துகிற வண்டியைத் தங்கக்கட்டி என்று எழுதினவர், மகனைப் பற்றி எழுதினதை மட்டும் நான் எப்படி நம்புவது? கல்யாணம் இல்லை. கிரேஸிடம் சொன்னேன். வண்டியில் போய் உட்கார்ந்து அழுகிறாள். அதுவும் உம் கணக்கில்தான்.

கர்த்தர் உம்மையும் உம் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. எனக்கு இப்போது ஆசீர்வதிக்க மனசில்லாததால் அவரிடமே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
அருமைநாயகம்

பின்குறிப்பு: மேலே கண்டதைக் கிழிக்கத்தான் போனேன். உம் தங்கை பிடுங்கி வைத்துக்கொண்டு, எங்கள் அண்ணன் ஒரு எழுத்து விடாமல் படிக்கட்டும் என்கிறாள். அழுதபடி சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கிரேஸ், சத்தம் காலடியில் கேட்கிறதென்று பாயைக் கிழித்துவிட்டாள். தண்டு பலகைக்குள் இறங்குகிற துவாரத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவை, காய்ந்து விறைத்து இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்து அதை அங்கே செருகியது நான். பாயை விரித்ததும் மறந்துவிட்டேன்.

கிரேஸ் அதைக் கொண்டுவந்து இந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள். "மந்திரமூர்த்தியண்ணன் பழத்த எதுக்குக் கட்டுனாவளோ, நீங்களும் அதுக்குத்தானப்பா இத வச்சிய?" என்றாள்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். ஞானசிகாமணியை ஸ்டேஷனிலிருந்து மந்திரமூர்த்திதான் கூட்டிவருவான். இன்று காலையில் நானே அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். வந்ததும் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். அவன் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.