இன்னும் டெலிவரி ஆகவில்லை

உலகத்தில் ஏமாறுகிறவர்கள் இரண்டு ரகம். ஏமாந்ததும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி கேட்டால் தலைவலி என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். உங்களையும் என்னையும் போன்ற பாவப்பட்ட ஜென்மங்கள். நம்மை விடுங்கள். ஏமாந்த அந்த நிமிஷமே முகத்தில் புது மாப்பிள்ளைக் களை வந்து, குரல் ஒரு கட்டை ஏறி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "விடக் கூடாது சார்!" என்று எழுந்து நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களுக்கு நான் விடக்கூடாதார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

விடக்கூடாதாரைப் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டலில் வடையின் ஓட்டை வடையைவிடப் பெரிதாக இருக்கிறது என்று சமையற்கட்டு வரைக்கும் போய் மாஸ்டரிடம் காட்டிவிட்டு வருவாரே, அவர்தான். கண்டக்டர் சில்லறை பாக்கியைக் கொடுக்க மறந்ததற்காக, உறையூரில் இறங்க வேண்டியவர் டெப்போ வரைக்கும் போய், நியாயத்தை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ரிக்‌ஷா பிடித்துத் திரும்புவாரே, அவரேதான். ரிக்‌ஷாவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "காசு பெரிசில்லை சார், பிரின்ஸிபிள்!" என்பார். அவர் கேட்ட காசை உடனே எடுத்து நீட்டிப் பாருங்கள். முகம் செத்துப்போகும். காசு வந்துவிட்டால் சண்டை போய்விடுமே!

மேலப்புதூர் ஸ்தனிஸ்லாஸ் இந்த இனத்தில் முதல் வரிசை. வணிகவியல் புரொபசராக இருந்து ரிடையர் ஆனவர். எண்பதுகளின் பின்பாதியில், திருச்சியில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், அவரிடம் ஒன்று இருந்தது. பேங்க் மேனேஜர் அவருடைய பழைய மாணவர். குருபக்தியில் செய்துவிட்டார். பிற்பாடு அந்த மேனேஜர், வகுப்பில் ஒழுங்காகப் பாடம் கவனிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே என்று நினைத்து நினைத்து வருந்தினார்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமசுக்கு ஒரு கலர் டிவி வாங்கிவிடுவது என்று ஸ்தனிஸ்லாஸ் முடிவு செய்தார். ஸ்ரீரங்கத்தில் ரத்தினவேல் என்பவர் புதிதாக டிவி கடை திறந்து, கார்டும் வாங்கிக்கொள்ளப்படும் என்று போர்டு வைத்திருந்தார். அட்டையை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் சீட்டைப் பரப்பி, கைப்பிடியைச் சரட் சரட் என்று இரண்டு பக்கமும் இழுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பி ரத்தினவேல் சொன்னார்:

"நாளைக்குக் காலைல டெலிவரி சார்."

நாளைக்குக் காலை வந்தது. டிவி வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. கேக் வந்தது. கரோல் பாடுகிறவர்கள் இரண்டு கோஷ்டி வந்தார்கள். டிவி வரவில்லை. போய்க் கேட்டால், "வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் சார், வண்டி பாலம் தாண்ட முடியலை" என்றார் ரத்தினவேல். ஏகாதசி முடிந்து, சொர்க்கவாசலே சாத்தியாகிவிட்டது. அப்புறமும் வரவில்லை. "பொங்கல் சார், பசங்க லீவுல போயிட்டானுங்க" என்றார்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கடை வாசலில் உட்கார்ந்து, கெஞ்சி, கொஞ்சம் சத்தம் போட்டு, டிவியோடு வந்திருப்போம். ஸ்தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். காவேரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது அவருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. ரிடையர் ஆனதிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாய்க்கவில்லை.

நேரே பேங்குக்குப் போனார். மேனேஜர் விளக்கினார்: "சார், கடைக்காரர் பொருள் கொடுக்கலைன்னா நீங்க டிஸ்ப்யூட் போடலாம். மேலிடத்துல விசாரிப்பாங்க. நியாயம் இருந்தா உங்க கணக்குல ஏத்தினதை எடுத்துடுவாங்க. ஆனா ஒண்ணு. நடுவுல பொருள் வந்து, உங்க வீட்ல வாங்கி வெச்சுக்கிட்டா டிஸ்ப்யூட் அவுட்."

டிஸ்ப்யூட்! அந்த வார்த்தையை அவர் வாயில் போட்டு, சீரகமிட்டாய் மாதிரி நாக்கில் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கே வீட்டில் சட்டம் போடப்பட்டது. டிவியோடு யார் வந்தாலும் உள்ளே விடக் கூடாது. கையெழுத்துப் போடக் கூடாது. வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். பக்கத்து மெடிக்கல் ஷாப் தாஜுதீனிடம்தான் அந்தத் தெருவுக்கே போன் இருந்தது. அவருக்கும் உத்தரவு போயிற்று: "டெலிவரின்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும் பாய், நீங்க உடனே எனக்கு பேங்குக்கு போன் அடிச்சிடணும்."

"ஏங்க, டிவி பாக்கத்தானே வாங்கினீங்க?" என்றாள் மனைவி பாக்கியமேரி.

"அது அப்போ" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

இப்போது ஒரு சங்கதி. அந்த வீட்டில் அதே ஜனவரியில் இன்னொரு டெலிவரியும் எதிர்பார்க்கப்பட்டது. ஒரே மகள் அக்னஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை லால்குடிக்காரர், பிலாயில் வேலை. தந்தி போய், லீவு கேட்டு, ரயில் ஏறி வந்து சேர்வதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும். அக்னசுக்கு உள்ளுக்குள் பயம். அம்மா தைரியசாலிதான், ஆனால் காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் சின்ன வயதிலிருந்து அவளுக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் சாயந்திரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, டெலிவரி அன்னிக்கு நீங்க கட்டாயம் கூட இருக்கணும்ப்பா."

"பின்னே? நான் இல்லாம ஒருத்தனையும் உள்ளே விடாதே!" என்றார் அவர், பேங்குக்கு எழுதின புகாரின் நகலைச் சரிபார்த்துக்கொண்டே.

அக்னஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாதா படத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பங்கு மக்கள் அன்போடு விசாரிப்பார்கள். "என்ன சார், டெலிவரி எப்போ?"

"எங்க ஆகுது! நாளைக்கு நாளைக்குன்னு ஏமாத்தறான் சார். மூஞ்சியைப் பாத்து நம்பிட்டேன்."

"யாரு சார்?"

"அதான், அந்த ஸ்ரீரங்கத்துக்காரன்!"

கேட்டவர்கள் வெலவெலத்துப் போவார்கள். மாப்பிள்ளை லால்குடி ஆயிற்றே, இதில் ஸ்ரீரங்கத்துக்காரன் எங்கிருந்து வந்தான்? அக்னசுக்காக இரண்டு குடும்பங்கள் ரகசியமாக நவநாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை தோறும் ஸ்தனிஸ்லாஸ் பேங்குக்குப் போவார். பிளாஸ்கில் காபி, கையில் பை, பைக்குள் நகல், நகலுக்கு நகல். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, "என்னப்பா, மேலேருந்து பதில் உண்டா?" என்று ஆரம்பித்தால், மேனேஜருக்குப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது போல் கை வியர்க்கும். பதில் இல்லை என்றால் ஸ்தனிஸ்லாசுக்கு மகிழ்ச்சி. இன்னொரு கடிதம் எழுதலாம்.

அந்த வியாழக்கிழமையும் வழக்கம்போல பேங்குக்குக் கிளம்பிப் போய்விட்டார். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், ஸ்தனிஸ்லாசுக்கு இது தெரியாது. அவர் தெருமுனை திரும்பியதுமே அக்னசுக்கு வலி கண்டுவிட்டது. தாஜுதீன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, தாயையும் மகளையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, மத்தியானம் உள்ளேயிருந்து சத்தம் கேட்டதும் கண்ணில் தண்ணீரோடு ஓடிப்போய் ஆஸ்பத்திரி போனை எடுத்தார்.

பேங்கில் போன் அடித்தது. மேனேஜர் எடுத்து, "சார், உங்களுக்குத்தான்" என்று நீட்டினார்.

"சார், தாஜுதீன் பேசறேன். டெலிவரி ஆயிடுச்சு சார்!"

ஸ்தனிஸ்லாஸ் துள்ளி எழுந்தார். பிளாஸ்க் உருண்டது. "யாரு வாங்கினது?"

"அம்மாதான் சார் கையில வாங்கினாங்க. வாங்கி முத்தம் கொடுத்தாங்க."

"முத்தமா! புத்தி கெட்டுப்போச்சா அவளுக்கு? கையெழுத்துப் போட்டாளா?"

"அதெல்லாம் உள்ளே போறப்பவே வாங்கிட்டாங்க சார்."

"முன்கூட்டியேவா? ஃப்ராடு!" மேனேஜரைப் பார்த்து, "எழுதிக்கப்பா, முன்கூட்டியே கையெழுத்து" என்றார். மறுபடி போனில், "கலர் எப்படி இருக்கு?"

"நல்ல கலருங்க. ரோஜாப்பூ மாதிரி."

"சவுண்டு?"

"தெருவரைக்கும் கேக்குது சார்! ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டுக் கத்துது!"

"ரெண்டா?"

"ரெண்டு சார்! யாருமே எதிர்பாக்கலை! அல்லா கொடுத்தது!"

"நான் ஒண்ணுக்குத்தான்யா சொன்னேன்!" பேங்கில் டோக்கன் வாங்கி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு எதுக்கு எனக்கு? ரெண்டும் வேண்டாம். சொன்ன தேதிக்கு வராதது எதுவும் என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. உடனே திருப்பி அனுப்பிடுங்க!"

தாஜுதீன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எப்படி சார் திருப்பி அனுப்பறது?"

"வந்த வழியாத்தான்!"

பிறகு தாஜுதீன் ரொம்ப மெதுவாக, பயந்துகொண்டே கேட்டார்: "சார்… அக்னஸ் பாப்பா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இதை அதுகிட்ட நான் சொல்லட்டுங்களா?"

அக்னஸ் என்ற பெயர் இப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் காதில் விழுந்தது. போனைக் கையில் பிடித்தபடி நின்றார். மேனேஜருக்கு விஷயம் புரிந்து, கவுண்டர்காரருக்குப் புரிந்து, டோக்கன் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் புரிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் யாரோ பெஞ்சிலிருந்து விழுந்து, அதற்கெல்லாம் அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. "மாதாவே!" என்றார். பை, பிளாஸ்க், நகல், நகலுக்கு நகல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரனிடம் ஒரு வார்த்தை தகராறு செய்யவில்லை. அவர் சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேத்திகளும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் அக்னஸ் வெளுத்துப்போய்க் கிடந்தாள். அப்பாவைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்ப்பா, வந்த வழியா திருப்பி அனுப்பச் சொன்னீங்களாமே?" சிரித்து, வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கூட இருக்கேன்னு சொன்னீங்களேப்பா."

ஊரார் மேலெல்லாம் புகார் எழுதியவர் மேல் இப்போது ஒரு புகார். சொன்ன நாளில் வந்து சேராதது ரத்தினவேல் மட்டும் இல்லை. இதை எந்த பேங்கில் போய் எழுதிக்கொடுப்பது? அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று ராத்திரி அங்கிருந்து அவரைக் கிளப்ப நர்ஸ்களால் முடியவில்லை.

டிவி? அதுவும் வந்தது. மறுநாள் காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ரத்தினவேலே வண்டியோடு வந்து நின்றார். தாஜுதீன் கடைமை தவறாதவர். புரொபசர் சார் சொன்னபடி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார். மாசம் திரும்புவதற்குள் மேலிடம் ஸ்தனிஸ்லாசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லி, கணக்கில் ஏற்றியதை எடுத்துவிட்டது. "டிவி எதுக்குங்க," என்றாள் பாக்கியமேரி. "வீட்லயே ரெண்டு ஸ்டேஷன் ஓடுது. நிறுத்தத்தான் ஸ்விட்ச் இல்லை."

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நாள் திருந்தித்தான் இருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் மூத்தவளை இளையவளாகவும் இளையவளை மூத்தவளாகவும் போட்டிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. பழைய களை மெல்ல முகத்துக்கு வந்தது. ஆனால் இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தோளுக்கொரு பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் பேங்குக்குப் போவது செவ்வாய்க்கிழமை தோறும் என்றேன். கொஞ்சம் தள்ளி, அந்த வியாழக்கிழமையும் வழக்கம்போல என்றேன். கவனித்தீர்களா? அத்தோடு, கடமையைக் 'கடைமை' என்றும் ஓரிடத்தில் போட்டிருக்கிறது. கவனித்தவுடனே, "இதை விடக் கூடாது, பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும்" என்று பேனாவைத் தேடினீர்களா?

எழுதுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன், கொஞ்ச நேரமாக உள்ளேயிருந்து உங்களை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே, அது என்னவென்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.