பின்னாலிருந்து உதைத்தவன் யார்?

திருமணத்தின் வலிமையைக் கால்பந்தால் நிரூபித்த பெருமை உலகிலேயே எங்கள் டால்மேஷியக் கடலோரச் சிற்றூருக்கு மட்டுமே உரியது. ஆண்டின் கடைசி நாளன்று மணமானவர்கள் ஓர் அணி, மணமாகாதவர்கள் எதிரணி. எதிரணியினர் இளைஞர்கள், காற்றாய் ஓடுகிறவர்கள். இருந்தும் ஆண்டுதோறும் வெல்வது மணமானவர்களே.

வென்றவர்கள் அன்று மதியமே சக்கர நாற்காலியில் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஊர்வலமாக வருவார்கள். அங்கே நான் மருத்துவர். எல்லோருக்கும் ஒரே காயம், எல்லோரிடமும் ஒரே வாக்குமூலம்: குதிகாலுக்கு மேலே எவனோ பின்னாலிருந்து உதைத்துவிட்டான். எவன் என்பதுதான் புரியவில்லை. பின்னால் ஆளே இல்லை என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள்.

முதல் ஆண்டே மருத்துவமனை இயக்குநர் பாஷ்கோ "உயர்மட்ட உதை விசாரணைக் குழு" ஒன்றை அமைத்தார். மணமானவர் அணிக்குத் தலைவரும் அவரே என்பதால் குழுவின் நடுநிலையில் யாருக்கும் ஐயமில்லை. உதைத்தவன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடிவிடுகிறான் என்று குழு கண்டறிந்தது. ஆகவே கோல் அருகே இப்படி ஒருவர் விழுந்தால் அவர் அணிக்குப் பெனால்டி தரப் பரிந்துரைத்தது. நடுவர் பங்குத்தந்தை லோவ்ரே. மணமாகாத, இனி ஆகவும் வழியில்லாத ஒரே நடுநிலையாளர். அவரும் ஏற்றுக்கொண்டார்.

நான் பொறுமையாக விளக்கினேன். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைத்திருப்பது ஒரு தடித்த நார். ஆண்டு முழுக்க நாற்காலியில் கிடந்த அந்த நார் குளிரில் இறுகியிருக்கும். நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்ந்தால் பட்டென்று அறும். அறும்போது உதை விழுந்தது போலவே இருக்கும். பழைய ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து அறுத்தும் காட்டினேன்.

"இதை அறுத்தது நீங்கதானே? அப்போ ஒரு ஆள் இருக்கத்தானே செய்யுது?" என்றார் பாஷ்கோ. குழு கைதட்டியது.

இந்த ஆண்டு கவலை பெரிது. அறுந்த நாரைத் தைக்கத் தெரிந்த ஒரே அறுவை மருத்துவர் யெர்கோ, வசந்தத்தில் எங்கள் செவிலியர் தோன்காவை மணந்து, கட்சி மாறியிருந்தார். நாற்பத்திரண்டு வயது. மலையிலிருந்து இறங்கும் ‘பூரா’ என்ற குளிர்ச் சூறைக்காற்று, வெளியூருக்குப் போகும் நெடுஞ்சாலையை வேறு மூடிவிட்டது. அவர் கால் போனால் ஊரில் எவர் காலுக்கும் நாதியில்லை. போகவேண்டாம் என்று தோன்கா கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆடலேன்னா, என்னை இன்னும் முழுசா கட்டிக்கலேன்னு ஊர் பேசுமாம், டாக்டர்," என்றாள் என்னிடம்.

ஆட்டத்துக்கு முன் மணமானவர்கள் ராக்கியா சாராயத்தால் தொண்டையைச் சூடேற்றிக்கொண்டார்கள். கால்களைச் சூடேற்ற யாருக்கும் தோன்றவில்லை. இரண்டுக்கு இரண்டு என்றிருந்தபோது யெர்கோ கோலை நோக்கிப் பாய்ந்தார். விழுந்தார். படுத்தபடியே கையை உயர்த்திப் பெனால்டி கேட்டார்.

அவசரப் பிரிவில், ஏற்கெனவே நார் அறுந்து காத்திருந்த மூவருக்குப் பக்கத்தில் அவரையும் கிடத்தினோம்.

"தோன்கா, எவனோ பின்னாலிருந்து உதைச்சுட்டான்."

"இதையே சொன்னவங்களை எல்லாம் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சுத் தைச்சவர்தானே நீங்க?"

"அவங்களுக்கு நார் அறுந்துச்சு. எனக்கு விழுந்தது நிஜ உதை."

காற்று நிற்கவில்லை. தைக்க வேண்டியவர் தைக்கப்படவேண்டியவர்களோடு கூரையைப் பார்த்துக் கிடந்தார். தோன்கா அவர் காலடியில் பனிக்கட்டிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் பாஷ்கோ, அந்தப் பெனால்டியில் வென்ற கோப்பையோடு வாழ்த்த வந்தார்.

அவரிடம் தீர்வை நேராகவே சொன்னேன். நாற்பது தாண்டியவர்கள் சாராயத்தை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு முன் கால்மணி நேரம் மெல்ல ஓடிக் காலைச் சூடாக்கிக்கொண்டால் போதும், நார் அனேகமாக அறாது.

"அது படிக்கிற காலத்திலேயே எனக்குத் தெரியும்மா," என்றார் பாஷ்கோ. "அறலேன்னா பெனால்டி யாரு குடுப்பா?"