ஜேசுதாசன் சாரின் கெட்ட வார்த்தைப் பட்டியல்

மில்லர்புரம் ஜேசுதாசன் சார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடும்ப ஜெபம் முடிந்த கையோடு, சபதம் எடுத்தார். நெத்திலியை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை.

நெத்திலி மீன் அல்ல, இணையத்தில் இருக்கிற ஆள். நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள் துபாய் வரைக்கும் சிதறிக் கிடக்கிறார்களே, அவர்கள் கூடிப் பேச ஒரு மன்றம் உண்டு. ஆயிரத்து இருநூறு பேர். நடத்துநர் நம் சார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, அதட்டுவதற்கு மிஞ்சிய ஒரே இடம் அது. தினமும் காலையில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார். ஐந்தாவது நிமிஷம் கீழே நெத்திலி வந்து நிற்கும்.

"ஓய் வாத்தியாரே, உம்ம புத்திமதிய வாசிச்சதுல இருந்து எங்க வீட்டுக் கோழி முட்டையிட மாட்டேங்கு."

சாருக்கு நாலு லைக். நெத்திலிக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை நடத்துநர் தேர்தல். இப்படியே போனால் பதவி போய்விடும்.

மஸ்கட்டில் இருக்கும் பழைய மாணவன் ஜெபின் ஒரு வடிகட்டி செய்து கொடுத்தான். கெட்ட வார்த்தைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், யார் எழுதினாலும் நட்சத்திரம் வைத்து மறைக்கும். மூன்று தடவை சிக்கினால், அந்த ஆளின் போன் நம்பரையே மன்றத்தைவிட்டுத் தூக்கிவிடும்.

ஒரே சிக்கல். சாருக்குக் கெட்ட வார்த்தை தெரியாது. 'மூடனே' என்பதைத் தாண்டி அவர் போனதில்லை.

ஆனால் வீட்டில் மனைவி கிரேசியம்மா இருந்தார். திரேஸ்புரத்தில் முப்பது வருஷம் நர்ஸ் வேலை. ஊசி குத்தும்போது மனுஷர் வாயில் என்னென்ன வருமோ அத்தனையும் கேட்ட காது.

"கிரேசி, நீ கேள்விப்பட்டவற்றைச் சொல். எழுதிக்கொள்கிறேன்." வீட்டிலும் அவர் இப்படித்தான் பேசுவார்.

"எதுக்குங்க?"

"நெத்திலிக்கு."

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கிரேசியம்மா கீழே வைத்தார். "மூணு தடவ மாட்டுனா நம்பரே போயிருமா?"

"போய்விடும்."

"அப்ப எழுதுங்க. சவத்து மூதி."

"இதன் பொருள்?"

"பொருளு நமக்கு எதுக்கு? வெளங்காதவன். கோட்டிக்காரன். எடுபட்ட பய. பேதில போவான்."

"பேதியில் போவான்."

"அப்பிடி யாருங்க ஏசுவா? நான் சொன்ன மாதிரியே எழுதுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பேச்சைத் திருத்தி வந்தவர், அன்றைக்கு அவள் சொன்னபடியே எழுதினார். மொத்தம் நாற்பத்தோரு வார்த்தை.

புதன்கிழமை நெத்திலி முதல் தடவை சிக்கியது. நட்சத்திரத்துக்கு அடியில் என்ன வார்த்தை இருக்கும் என்று மன்றமே கூடி ஊகித்தது. முந்நூறு லைக். வியாழக்கிழமை இரண்டாம் தடவை.

"இன்னும் ஒன்றுதான்" என்றார் சார், சாப்பாட்டு மேசையில்.

"இன்னொரு தோசை வைக்கட்டா?"

"வை."

வெள்ளிக்கிழமை காலை நெத்திலி ஒரே வரியில் ஆறு நட்சத்திரக் கூட்டம் போட்டது. சார் கை கூப்பினார். அடுத்த நொடி ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஓர் அறிவிப்பு போனது.

'இந்த எண்ணில் இயங்கிய இரண்டு கணக்குகளும் நீக்கப்பட்டன. ஒன்று: நடத்துநர் ஜேசுதாசன். இரண்டு: நெத்திலி.'

சார் எழுதுவதெல்லாம் டேப்லெட்டில். போன், ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கும். அதில் ஓடிபி வந்தால் வாசித்துச் சொல்வது கிரேசியம்மா. சார் மெல்லத் திரும்பினார். ஃபிரிட்ஜ் பக்கத்தில், அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றார்.

"நீயா?"

"மெதுவா. பக்கத்து வீட்ல கேக்கும்."

"ஏன் என் நம்பரில்?"

"என் நம்பரு போயிரக் கூடாதுல்லா? ஒருநா நீங்க இப்பிடி ஏதாவது செய்வீங்கன்னு அப்பவே தெரியும்."

"ஏன் கிரேசி இப்படிச் செய்தாய்?"

"இங்கன வாயத் தொறந்தா திருத்துதீங்க. அங்கன ஒருத்தரும் திருத்தல. சிரிச்சாங்க."

போன் அடித்தது. ஜெபின்.

"சார்! நெத்திலி நீங்கதானா? இத்தன நாளு மூச்சுவிடலியே! நம்பர திருப்பிச் சேக்கணும்னு மன்றமே கெடந்து கத்துது. தேர்தலே வேண்டாமாம், நீங்கதான் நடத்துநராம். ஒரே கண்டிஷன் சார். தெனமும் நெத்திலியா எழுதணும்."

"பொஞ்சாதிதான்னு சொல்லிருங்களேன்" என்றார் கிரேசியம்மா, தாழ்ந்த குரலில்.

சார் கண்ணை மூடினார். ஆயிரத்து இருநூறு பேர் சிரிப்பது கேட்டது.

"ஆம் ஜெபின். நான்தான்."

சனிக்கிழமை காலை, நோட்டும் பேனாவுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கிரேசி, இன்றைக்கு என்ன எழுதட்டும்?"

கிரேசியம்மா, சின்ன வெங்காயம் குவிந்த சொளவை அவர் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல இந்த உள்ளிய உரிங்க. ரெண்டு கிலோ இருக்கு. பாதி உரிக்கும்போதே வார்த்தை தன்னால வந்துரும்."